ஜாக்கோ பாஸ்டோரியஸ்: வாசிப்பையும் நோயையும் ஏன் ஒரே முடிச்சில் போடுகிறோம்?

நாற்கம்பி எழுதியது:

வணக்கம். என்னிடம் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் கேட்டான்: "ஜாக்கோ மாதிரி வாசிக்கணும்னா மண்டைல கொஞ்சம் கிறுக்கு இருக்கணும், இல்லையா சார்?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பற்றிக் கிடைக்கிற காணொளிகளில் பாதி அப்படித்தான் சொல்கின்றன. மேதை, போதை, தெரு, சாவு. அந்த மனிதர் என்ன வாசித்தார், அதை எங்கே கற்றார் என்று ஒரு வரி கூட இருப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் இன்றைக்கும் கேட்கிற ஜாக்கோ, 1975 இறுதியிலிருந்து 1982 வரைக்குமான ஜாக்கோதான். மனநோய் முற்றிய பிறகு இன்னும் ஐந்து வருடம் இருந்தார். அந்த ஐந்து வருடத்திலிருந்து, வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் அவர் வாசித்த 'ஹெவி வெதர்' பக்கத்தில் வைக்கக்கூடிய ஒரு ஆல்பத்தை யாராவது காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நோய்தான் அவரை வாசிக்க வைத்தது என்றால் அந்த வருடங்களில்தானே உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1951 டிசம்பர் 1-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுனில் பிறந்தார். வளர்ந்தது ஃப்ளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் பக்கத்தில் ஓக்லாண்ட் பார்க். அப்பா ஜாக், பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுக்களில் பாடியவர், டிரம்ஸ் வாசித்தவர். மகனும் டிரம்ஸில்தான் ஆரம்பித்தான். 13 வயதில் ஃபுட்பால் ஆடும்போது மணிக்கட்டு உடைந்தது. அப்புறம் அவன் இருந்த உள்ளூர்க் குழுவுக்கு அவனைவிட நல்ல டிரம்மர் வந்துவிட்டார். பேஸ் வாசித்தவர் விலகினார். அந்தக் காலி இடத்துக்குப் போனவன்தான் ஜாக்கோ. காசு சேர்த்து ஆளுயர டபுள் பேஸ் ஒன்றும் வாங்கினான். கடலோர ஈரக்காற்றில் அது விரிசல் விட்டது. மறுபடி எலக்ட்ரிக் பேஸ்.

1972-ல் வெய்ன் காக்ரன் குழுவோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வாசித்தார். ராத்திரிக்கு ராத்திரி சோல், ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. பெரிய பிராஸ் (ஊதுகருவி) குழுவுக்கு எப்படிப் பிரித்து எழுதுவது என்பதை அங்கேதான் கற்றார். பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் பேஸ் சொல்லிக்கொடுத்தார். அங்கே பழக்கமானவர்தான் கிட்டார் கலைஞர் பேட் மெத்தீனி. இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது? 20 வயதில் ஒருவன் ஓயாமல் வேலை செய்திருக்கிறான். எனக்குத் தெரிவது அவ்வளவுதான்.

கடற்காகம் எழுதியது:

நாற்கம்பி சார், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஏழு வருடத்துக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. மயாமியில் ஒரு கச்சேரி முடிந்து வெளியே வரும் கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலை வழிமறித்து, நான்தான் உலகத்திலேயே பெரிய பேஸ் வாசிப்பாளன் என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? ஸாவினுல் அப்போதே வெதர் ரிப்போர்ட் குழுவின் தலை. திட்டி விரட்டியிருக்கிறார். இந்த ஆள் நகரவில்லை. கடைசியில் ஸாவினுலே டேப்பைக் கொடு என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

மேடையைப் பாருங்கள். தரையில் டால்கம் பவுடரைத் தூவி ஜேம்ஸ் பிரவுன் மாதிரி சறுக்கி ஆடுகிறார். ஆம்ப்ளிஃபயர் மேலே ஏறிக் குதிக்கிறார். பேஸைக் கீழே வீசிவிட்டு அதன் ஸ்ட்ரிங்கை அடிக்கிறார். ஜாஸ் மேடையில் பேஸ்காரன் பின்னால் நின்று தலையாட்டிய காலம் அது. அந்தத் தீ ஒரு பக்கம் இசையாகவும் இன்னொரு பக்கம் நோயாகவும் எரிந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பிரித்துப் பார்ப்பது நம் மனசு ஆறுதலுக்காக.

பழைய இசைத்தட்டு எழுதியது:

ஸாவினுலிடம் சொன்னது வாய்ச்சவடால் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1976-ல் எபிக் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால் அது கணக்குப் போட்டுச் சொன்ன வார்த்தை என்று தோன்றும்.

முதல் பாட்டு 'டோனா லீ'. பிபாப் என்ற வேகமான ஜாஸ் காலத்தில் சார்லி பார்க்கர் சாக்ஸபோனில் பறந்து பறந்து வாசித்த மெட்டு. ஜாக்கோ அதை பேஸில் வாசிக்கிறார். துணைக்கு டான் அலையாஸின் காங்கா (கையால் தட்டும் முரசு) மட்டும். கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கொடுக்கப் பியானோ கிடையாது, கிட்டாரும் கிடையாது. இருந்தாலும் எந்த இடத்தில் கோர்ட் மாறுகிறது என்பது தெளிவாகக் காதில் விழும், ஏனென்றால் பேஸ் லைனே அதைச் சொல்லிவிடுகிறது. அறிமுக ஆல்பத்தை ஒருவன் இப்படித் திறப்பதற்குத் துணிச்சல் வேண்டும், சரி. அதைவிட, அந்த மெட்டைப் பல வருடம் உருப்போட்டிருக்க வேண்டும். அடுத்த பாட்டில் சாம் அண்ட் டேவ் பாடுகிறார்கள், சுத்தமான சோல். இன்னொன்றில் ஸ்டீல் டிரம்ஸ். இன்னொன்றில் பிரெஞ்சு ஹார்ன். ஹெர்பி ஹான்காக், வெய்ன் ஷார்ட்டர் மாதிரி ஜாஸ் பெரியவர்கள் எல்லாம் வந்து வாசித்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு 24 வயது கூட நிறைந்திருக்குமோ என்னவோ, அவ்வளவு சின்ன வயது.

ஒரு விஷயத்தில் மட்டும் ரசிகர்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் ஃப்ரெட் என்ற உலோகத் தடுப்புகள் இல்லாதது) அவர் கண்டுபிடிப்பு அல்ல. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1960-களின் ஆரம்பத்திலேயே தன் பேஸில் ஃப்ரெட்களைப் பிடுங்கியிருந்தார். ஆம்பெக் கம்பெனி 1966-ல் கடைக்கே கொண்டுவந்தது. ஃபெண்டர் கம்பெனி 1970-ல். ஜாக்கோ செய்தது வேறு. ஓரத்தில் கிடந்த அந்த வாத்தியத்தை எடுத்து, இதில் பாடலாம் என்று காட்டினார். அவர் வந்த பிறகு ஃப்ரெட்லெஸ் எடுத்த யாராலும் அவர் நிழல் விழாமல் வாசிக்க முடியவில்லை. இது போதாதா? கண்டுபிடிப்பாளர் பட்டம் வேறு எதற்கு?

நாற்கம்பி எழுதியது:

அருமை. ஃப்ரெட்லெஸ் பற்றி வாத்தியம் வாசிக்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். வீணையில் விரலுக்கு அடியில் உலோக மெட்டுகள் இருக்கின்றன, கோட்டுவாத்தியத்தில் இல்லை. ஃப்ரெட் உள்ள பேஸுக்கும் ஃப்ரெட்லெஸுக்கும் அதே வித்தியாசம்தான். உலோகத் தடுப்பு இல்லாததால் விரல் நின்ற இடம்தான் சுருதி. அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அபஸ்வரம். அதே காரணத்தால்தான் ஸ்வரத்தை அசைக்கலாம், வழுக்கலாம், குரல் மாதிரி முனக வைக்கலாம்.

அவருடைய பேஸ் 1962-ல் செய்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃப்ரெட் இருந்த பள்ளங்களை மரப் பசையால் அடைத்து, மேலே படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைக் கனமாகப் பூசினார். ஏனென்றால் அவர் மாட்டியது சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங், ரோட்டோசவுண்ட். வெறும் மரமாக இருந்தால் அந்தக் கம்பி நாளடைவில் பலகையைத் தின்றுவிடும். எபாக்ஸி பலகையைக் காப்பாற்றியது. கூடவே ஸ்வரம் நீண்டு நின்று பாடவும் வைத்தது. வலது கையைப் பிரிட்ஜ் (கம்பிகள் கட்டிய முனை) பக்கம் தள்ளி வைத்து, அந்தப் பக்கத்துப் பிக்கப்பை (கம்பி அதிர்வைப் பிடிக்கும் பகுதி) தூக்கிக் கொடுப்பார். அந்த மூக்கொலி கலந்த 'ம்வா' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

'ஹெவி வெதர்' ஆல்பத்தில் 'பேர்ட்லேண்ட்' தொடக்கத்தில் வரும் உச்சஸ்தாயி மெட்டைப் பலர் கிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அது பேஸ். இடது கையால் ஸ்வரத்தைப் பிடித்து, வலது கைக் கட்டைவிரல் ஓரத்தால் கம்பியைச் சரியாக நடுவில் லேசாகத் தொட்டு, அதே கையின் இன்னொரு விரலால் மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே ஹார்மோனிக்ஸ் என்ற மணி போன்ற ஒலி எழும்பும். இடது கை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நகரும்போது வலது கையும் அதே அளவு நகர வேண்டும். முதல் ஆல்பத்தில் உள்ள 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' இன்னும் கடினம். அதில் ஓர் இடத்தில் ஆள்காட்டி விரலால் அழுத்தி, அதே கைச் சுண்டு விரலை எட்டி நீட்டி ஹார்மோனிக்ஸ் தொட வேண்டும். என் மாணவர்களில் கை பெரியவர்களுக்குக் கூட அந்த இடத்தில் சுண்டு விரல் நடுங்கும். இதையெல்லாம் வெறி வந்தால் வாசித்துவிட முடியாது, கடற்காகம். மணிக்கணக்கில் தனியாக உட்கார வேண்டும்.

தென்றல் எழுதியது:

நான் மனநலப் பிரிவில் செவிலியாக வேலை செய்கிறேன். இசை பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் இந்த நோயை தினமும் பார்க்கிறேன்.

அவருக்கு இருமுனைக் கோளாறு (மனம் அதீத எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று கண்டறிந்தது 1982 இறுதியில். அதற்கு முன் ஜப்பான் கச்சேரிப் பயணத்தில் தலையை மழித்துக்கொண்டார், முகத்தில் சாயம் பூசிக்கொண்டார், ஒரு பேஸை ஹிரோஷிமா விரிகுடாவில் தூக்கி எறிந்தார். இதைச் சிலர் ராக் ஸ்டார் சேட்டை மாதிரி ரசித்து எழுதுகிறார்கள். படிக்கவே வேதனையாக இருக்கிறது. எங்கள் வார்டுக்கு வரும் குடும்பங்கள் சொல்லும் கதைகள் இப்படித்தான் இருக்கும். நாலு நாளாகத் தூக்கமில்லை, கடையில் இருந்த பணத்தையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டார், நான்தான் எல்லோரையும் விடப் பெரியவன் என்கிறார். அதை ரசிக்க ஒன்றுமில்லை.

கடற்காகம் சொல்வதில் ஒரு பங்கு உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேனியா என்ற அந்த எழுச்சி முழுசாக ஏறுவதற்கு முந்தைய லேசான கட்டத்தில் சுறுசுறுப்பு கூடும், தூக்கம் குறைந்தாலும் களைப்பு தெரியாது, பேச்சும் எண்ணமும் வேகமெடுக்கும். நோயாளிக்கே அது நன்றாக இருக்கும். மாத்திரையை நிறுத்துவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆனால் வேகம் வேறு, வித்தை வேறு. எங்கள் நோயாளிகளில் ஆயிரத்தில் ஒருவர் கூட இசைக் கலைஞர் இல்லை. நோய்க்கு இசை தெரியாது.

அதோடு குடி. வெதர் ரிப்போர்ட்டில் சேரும்வரை அவர் குடியும் போதையும் தொடாதவர். பிறகு குடி, கொக்கெய்ன் இரண்டும் ஏறின. இந்த நோய் உள்ளவர் மேல் இவை இரண்டும் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மாத்திரை வேலை செய்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

ஸ்கார்பரோ ரவி எழுதியது:

எல்லோரும் வெதர் ரிப்போர்ட்டைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு ஜாக்கோவைக் காட்டியது ஜோனி மிட்செல். எங்கள் கனடா நாட்டுப் பாடகி என்பதால் இங்கே வானொலியில் அவருடைய பாட்டு எப்போதும் ஓடும்.

1976-ல் வந்த 'ஹெஜிரா'வில் ஜாக்கோ நாலு பாட்டுக்கு வாசித்திருக்கிறார். பேஸ் என்றால் கீழே நின்று அத்திவாரம் போடும் வேலை என்று நினைப்பவர்கள் அதை ஒருக்கா கேட்கவேண்டும். ஜோனி பாடாத இடைவெளிகளில் பேஸ் வந்து பதில் சொல்கிறது. சில இடங்களில் அத்திவாரத்தையே விட்டுவிட்டு மேலே போய் ஹார்மோனிக்ஸில் மணி அடித்துவிட்டு வருகிறது. அதே நேரம் பாட்டுக்காரியின் ஒரு சொல்லைக் கூட மிதிக்கவில்லை. அதிலிருந்து 'மிங்கஸ்' வரை மொத்தம் மூன்று ஸ்டூடியோ ஆல்பம், 1979 மேடைக் கச்சேரிப் பதிவு ஒன்று. அந்தக் கச்சேரியில் மெத்தீனி, மைக்கேல் பிரெக்கர், லைல் மேய்ஸ் எல்லோரும் நிற்கிறார்கள்.

நாற்கம்பி அண்ணையின் வாதத்துக்கு இது பலம் சேர்க்கும் என்று நினைக்கிறேன். தன்னைத் தவிர வேறு யாரையும் கேட்காத ஒருவரால் இன்னொருவர் பாட்டுக்கு இப்படி இடம் விட்டு வாசிக்க முடியாது.

கடற்காகம் எழுதியது:

தென்றல் அக்கா, உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். "நோய்க்கு இசை தெரியாது" என்பதை ஏற்கிறேன். ஆனாலும் மனிதரை மூன்றாக நறுக்கி, இது திறமை, இது குணம், இது நோய் என்று தனித்தனித் தட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. 1979 மார்ச்சில் கியூபாவின் ஹவானாவில் நடந்ததைப் பாருங்கள். கிட்டாரில் ஜான் மெக்லாஃப்ளின், டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், பேஸில் ஜாக்கோ, மூவர் குழு. மெக்லாஃப்ளின் அப்போதுதான் நம்ம விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்து முடித்திருந்தார். அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வாசிக்கும் பழக்கம் அவருக்கு ரத்தத்திலேயே உண்டு. ஜாக்கோ மேடையில் அந்த ஒழுங்குக்குள் நிற்கவில்லை, சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். மெக்லாஃப்ளினுக்குக் கடும் கோபம். அந்தப் பதிவு தனி ஆல்பமாக வெளிவர 2007 ஆனது. ரவி சொன்ன, இடம் விட்டு வாசிக்கும் ஜாக்கோவும் இதே வருடத்து ஜாக்கோதான். இரண்டும் ஒரே ஆள்.

நாற்கம்பி எழுதியது:

ஒரே ஆள்தான், மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த வருடத்தில் எது நன்றாக இருந்தது, எது கெட்டது? ஜோனிக்கு இடம் விட்டு வாசித்தது நன்றாக இருந்தது. ஹவானாவில் கட்டுமீறியது கச்சேரியைக் கெடுத்தது. அப்படியானால் கட்டுமீறலைப் பார்த்து "அதுதான் மேதைமை" என்று பையன்களிடம் ஏன் சொல்கிறோம்?

பழைய இசைத்தட்டு எழுதியது:

இந்த வாதத்தில் பேட் மெத்தீனி உங்கள் பக்கம், நாற்கம்பி. ஜாக்கோவின் முதல் ஆல்பம் 2000-ல் மறுவெளியீடு கண்டபோது அவர் எழுதிய குறிப்பு படிக்க வேண்டிய ஒன்று. 20-ஆம் நூற்றாண்டில் வெளியுலகத்தையும் பெரிய அளவில் பாதித்த கடைசி ஜாஸ் கலைஞர் ஜாக்கோவாக இருக்கலாம் என்று தொடங்குவார். அதே குறிப்பில், கடைசிக் காலத்துக் கூத்துகளையே பேசி அவரை நினைவில் வைக்கும் போக்கைக் கடுமையாகச் சாடுவார். கூடவே பயணம் செய்தவர், 1975 டிசம்பரில் தன் முதல் ஆல்பத்தை ஜாக்கோவோடும் டிரம்மர் பாப் மோசஸோடும் பதிவு செய்தவர். அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

ஜாக்கோ என்ற இசையமைப்பாளரை யாரும் இன்னும் தொடவில்லையே? 'த்ரீ வியூஸ் ஆஃப் எ சீக்ரெட்' ஒன்று போதும். 1980-ல் வெதர் ரிப்போர்ட்டோடு ஒரு தடவை, 1981-ல் தன்னுடைய 'வேர்ட் ஆஃப் மவுத்' ஆல்பத்தில் பெரிய குழுவோடும் டூட்ஸ் தீல்மன்ஸின் ஹார்மோனிகாவோடும் இன்னொரு தடவை. மூன்று தட்டு நடை. பேஸ் வித்தை காட்டவே இல்லை. மெட்டு மெதுவாக ஏறும், இறங்கும், எதிர்பாராத கோர்டில் திரும்பும். வித்தைக்காரர்கள் இப்படிப் பாட்டு எழுத மாட்டார்கள். அதே ஆல்பத்தில் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'குரோமாட்டிக் ஃபேன்டஸி'யை பேஸில் வாசித்திருப்பார். 1981 டிசம்பர் 1, முப்பதாவது பிறந்தநாள் அன்று ஃபோர்ட் லாடர்டேலில் நண்பர்களைக் கூட்டி ஒரு பிக் பேண்ட் கச்சேரி நடத்தினார். பதிவு 1995-ல்தான் வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள், குழு மொத்தமும் அவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறது. அடுத்த வருடம் அவர் வெதர் ரிப்போர்ட்டில் இல்லை.

செல்வி எழுதியது:

நீங்கள் எல்லோரும் இசையைப் பேசுகிறீர்கள், நல்லது. எனக்கு அவர் இறந்த விதம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

1987 செப்டம்பர் 11. ராக் கிட்டார் கலைஞர் சான்டானாவின் கச்சேரியில் மேடை ஏறப் போனார், வெளியே தள்ளினார்கள். அங்கிருந்து ஃப்ளோரிடாவின் வில்டன் மேனர்ஸில் ஒரு கிளப். உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவை உதைத்தார் என்கிறார்கள். தற்காப்புக் கலை பயின்ற கிளப் ஊழியர் ஒருவர் அடித்த அடியில் முகத்தில் பல எலும்புகள் முறிந்தன, வலது கண்ணிலும் இடது கையிலும் பலத்த காயம். கோமா. மூளையில் ரத்தக் கசிவு. செப்டம்பர் 21-ல் உயிர்காப்புக் கருவியை எடுத்தார்கள். வயது 35.

அடித்தவர் மேல் முதலில் கொலை வழக்கு. பிறகு அவர் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டார், கொலையாகாத மரணம் என்ற பிரிவில். தண்டனை 22 மாதம். உள்ளே இருந்தது நாலு மாதம். நன்னடத்தை என்று விட்டுவிட்டார்கள். நாலு மாதம்! தெருவில் படுத்துக் கிடந்தவன், குடிகாரன், கதவை உடைத்தவன், அவன் உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று அர்த்தமில்லையா? முதல் ஆல்பத்தில் அவர் வாசித்த 'கன்டினியூம்' எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருக்கு ஒரு ஸ்வரமும் வாசிக்கத் தெரியாது என்றாலும் இது அநியாயம்தான். மேதையை இழந்தோம் என்று அழுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தென்றல் எழுதியது:

செல்வி, கை கொடுங்கள்.

அந்தக் கடைசி வருடங்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "யாரும் உதவவில்லை" என்பதும் சரியில்லை, "அவரே கெடுத்துக்கொண்டார்" என்பதும் சரியில்லை. 1980-களின் நடுவில் நியூயார்க்கில் பூங்காக்களில் தூங்கினார். 1986 ஜூலையில் முன்னாள் மனைவி இங்க்ரிட், தம்பியின் உதவியோடு முயற்சியெடுத்து பெல்வியூ மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே மனநிலையைச் சீராக வைக்க டெக்ரெட்டால் என்ற மாத்திரை கொடுத்தார்கள். லித்தியம் அவருக்கு ஒத்துவரவில்லை.

லித்தியம் இந்த நோய்க்கு மிக நல்ல மருந்து. அமெரிக்காவில் 1970-லிருந்து அனுமதி உண்டு. ஆனால் அதற்கு ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும். அளவு கொஞ்சம் குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் கூடினால் விஷம். சாதாரண அளவிலேயே கை விரல்களில் லேசான நடுக்கம் பலருக்கு வரும். ஆபீஸ் வேலை பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். நாற்கம்பி மேலே விவரித்தாரே, சுண்டு விரல் எட்டித் தொடும் இடம்? அப்படி வாசிக்கும் ஒருவரிடம் இந்த மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடு என்று சொன்னால் அவர் எதை இழப்பதாக நினைப்பார்? பக்கத்தில் உட்கார்ந்து, அளவைக் குறைத்து, மாற்றிப் பார்த்து, மாதக்கணக்கில் கூட வர ஒரு டாக்டர் வேண்டும். பூங்கா பெஞ்சில் தூங்குகிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

அமெரிக்காவில் 1955-ல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த இடங்கள் கொடுமையானவை, மூட வேண்டியவைதான். ஆனால் மூடிய வேகத்துக்கு ஊருக்குள் சிகிச்சை வசதி வளரவில்லை. 80-களில் தெருவில் நின்றவர்களில் ஜாக்கோவும் ஒருவர். பெயர் தெரிந்ததால் நாம் பேசுகிறோம்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

உதவி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1985-ல் அவர் ஒரு பயிற்சி வீடியோ செய்தார். பேட்டி எடுப்பவர் ஜெரி ஜெமட். பல சோல் பதிவுகளுக்கு பேஸ் வாசித்தவர். ஜாக்கோ சின்ன வயதில் அவரைக் கேட்டுத்தான் வளர்ந்தார். இப்போது அந்தக் குருவே எதிரில் உட்கார்ந்து, நீ இத்தனை பேரை மாற்றிவிட்டாயே, எப்படி உணர்கிறாய் என்கிறார். ஜாக்கோ சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலின் சாரம்: எனக்கு ஒரு கச்சேரி வாங்கிக் கொடுங்கள். அதே வீடியோவில் அவர் வாசிப்பு இன்னும் கச்சிதமாகத்தான் இருக்கிறது. கை போகவில்லை. கூப்பிட ஆள் இல்லை. நேரத்துக்கு வருவாரா, வந்தால் என்ன செய்வார் என்ற பயம் எல்லோருக்கும்.

கடற்காகம் எழுதியது:

நாற்கம்பி சார் முதல் பதிவில் கேட்டதற்கு இந்த வீடியோவே பதில் மாதிரி இருக்கிறது. கை இருந்தது, வேலை இல்லை. அப்படியென்றால் கடைசி ஐந்து வருடத்தில் அப்படி ஒரு ஆல்பம் இல்லாததற்குக் காரணம் நோய் திறமையைத் தின்றது அல்ல. அவரை நம்பி ஸ்டூடியோவைக் கொடுக்க யாரும் இல்லை. உங்கள் வாதத்தில் இந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

நாற்கம்பி எழுதியது:

நல்ல கேள்வி. நான் சொல்வது இதுதான்: விரலும் காதும் மட்டும் ஆல்பம் செய்யாது. ஸ்கோர் எழுத உட்கார வேண்டும், 20 பேரைக் கூட்டி ஒத்திகை பார்க்க வேண்டும், வேண்டாத டேக்கைத் தூக்கிப் போட வேண்டும். 1981-ல் அதையெல்லாம் செய்த மனிதரிடமிருந்து நோய் பறித்தது அந்த ஒழுங்கைத்தான். கூப்பிட ஆள் இல்லாமல் போனதும் அதன் தொடர்ச்சியே. வீடியோவில் தெரிவது உடம்பில் ஊறிய பயிற்சி.

ஸ்கார்பரோ ரவி எழுதியது:

அந்த பேஸ் என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லையே? ஒரு தரம் துண்டு துண்டாக உடைந்து, ஒட்டிச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1986-ல் நியூயார்க்கில் களவு போனது. இருபது வருடத்துக்குப் பிறகு அதே ஊரில் ஒரு கிட்டார் கடையில் தலைகாட்டியது. கடைக்காரருக்கும் குடும்பத்துக்கும் வழக்கு என்று இழுபட்டு, மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹீயோ காசு போட்டு மீட்க உதவினார். மெட்டல் வாசிக்கிற மனிதர்! 2015-ல் ஜாக்கோ பற்றிய ஆவணப்படத்தையும் அவரே தயாரித்தார். மகன் ஃபீலிக்ஸும் பேஸ்தான். யெல்லோஜாக்கெட்ஸ் குழுவில் வாசித்தவர். மைல்ஸ் டேவிஸின் 1989 ஆல்பத்தில் 'மிஸ்டர் பாஸ்டோரியஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, எழுதியவர் மார்கஸ் மில்லர். ஓக்லாண்ட் பார்க்கில் அவர் பெயரில் ஒரு பூங்காவும் உண்டு.

செல்வி எழுதியது:

பூங்காவில் தூங்கியவருக்குப் பூங்காவா? நினைவுக்கு ஒரு இடம் இருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூங்காவில் இன்று ராத்திரி யாராவது படுத்திருந்தால் எழுப்பி விரட்டக் கூடாது. அதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

அருண் எழுதியது:

வணக்கம் சார். நான் இங்கே புதுசு. பேஸ் பழக ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. முழு இழையும் படித்தேன். என்னிடம் ஒரு பழைய பேஸ் சும்மா கிடக்கிறது. ஜாக்கோ வெண்ணெய்க் கத்தியால் ஃப்ரெட் பிடுங்கினாராமே. நானும் பிடுங்கலாமா? முதலில் எந்தப் பாட்டை எடுக்கட்டும்? 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் இருக்கிற 'டீன் டவுன்' முயற்சி செய்கிறேன், பாதி வேகத்தில் கூட வரவில்லை.

நாற்கம்பி எழுதியது:

வாங்க தம்பி. கத்தியை வையுங்கள். அந்தக் கதையை ஜாக்கோவே சொல்லியிருக்கிறார். ஃப்ரெட் பிடுங்கிய நிலையில்தான் வாங்கினேன் என்றும் அவரே இன்னொரு தரம் சொல்லியிருக்கிறார். எது எப்படியோ, வெறுமனே நெம்பினால் ஃப்ரெட்டோடு மரச் சில்லும் பெயர்ந்து வரும். சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடாக்கி, மெல்ல எடுத்து, பள்ளத்தை அடைத்து, பலகையைத் தேய்த்து நேராக்க வேண்டும். தெரிந்த கிட்டார் மெக்கானிக்கிடம் கொடுத்தால் சுத்தமாகச் செய்து தருவார். எபாக்ஸி இப்போது வேண்டாம். வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங் மாட்டினால் பலகை தேயாது.

'டீன் டவுன்' இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்தப் பதிவில் டிரம்ஸும் ஜாக்கோதான், தெரியுமா? பேஸில் வருகிற அந்தத் தாளத் துல்லியம் டிரம்மருடையது. ஆகவே முதலில் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) போட்டு, ஒரே ஸ்வரத்தில், பதினாறாம் பங்கு அடிகளை விட்டு விட்டு வாசியுங்கள். சத்தம் வராத கோஸ்ட் நோட்டுகளும் அதே நேரக் கணக்கில் விழ வேண்டும். அது வந்த பிறகு 'கன்டினியூம்' எடுக்கலாம். வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் நீண்டு நிற்பதால் சுருதி தப்பினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். திறந்த ஏ கம்பியை ஒலிக்க விட்டு, மேலே உள்ள கம்பிகளில் ஈ-யைப் பிடித்து, இரண்டும் அதிராமல் ஒன்றாகும் வரை விரலைச் சரி செய்யுங்கள். தினமும் வாசிப்பதற்கு முன் இதைச் செய்தால் போதும்.

அந்தப் பழைய பேஸின் கழுத்துப் பகுதியைப் பக்கவாட்டில் படம் எடுத்து இங்கே போடுங்கள். வளைந்திருந்தால் ஃப்ரெட் எடுத்தும் பிரயோஜனமில்லை. பார்த்துச் சொல்கிறேன்.